நம்ம பாட்டும் நூலகம் ஏறும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் மன்னார்குடிப் பகுதியைச் சேர்ந்த குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவருடைய பேச்சு நடையை முடிந்தவரை மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



வழக்கமா இந்த இடத்துல நின்னு நான் பேசுறது சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, தவணை பாக்கி யாரு, இது மட்டும்தான். இன்னிக்கு தலைவி அக்கா, "நீ நூலகத்துல கவிதை வாசிக்கப் போனியே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு"ன்னு சொல்லிட்டாங்க. பாக்கிக் கணக்கு கேக்க மாட்டேன்னதும் நாலு பேர் முகத்துல சிரிப்பு வந்துடுச்சு. பரவாயில்லை, அதை அடுத்த மாசம் வச்சுக்கலாம்.

போன நவம்பர் மாசம் எங்க குழுக் கூட்டம் நடந்துக்கிட்டு இருந்தப்போ, கடைத்தெருவில் இருக்கிற கிளை நூலகத்தோட நூலகர் சார் சைக்கிள்ல வந்தார். கையில ஒரு கட்டு நோட்டீஸ். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடுறாங்க. அதுல ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசகர் வட்டம் சார்பா கவிதை வாசிப்பு, கட்டாயம் வரணும்னு சொல்லிட்டு ஆளுக்கொரு நோட்டீஸ் குடுத்துட்டுப் போனார். அடியில கொட்டை எழுத்துல "அனைவரும் வருக"ன்னு போட்டிருந்தது.

நான் அதை மடிச்சு தீர்மான நோட்டுக்குள்ள வச்சேன். "அனைவரும்"னா நாம இல்லைன்னுதான் நினைச்சேன். எத்தனையோ நோட்டீஸ்ல அனைவரும் வருகன்னு போட்டிருக்கும். அங்க போனா நமக்கு எங்க இடம்னு நமக்குத் தெரியும். அதனால நாம போறதில்லை. அது பழகிப் போச்சு.

நான் படிச்சது மூணாம் வகுப்பு. அதுவும் மறந்து போயி, 1990-கள்ல அறிவொளி இயக்கம் வந்தப்போ ராத்திரியில அரிக்கேன் விளக்கு வெளிச்சத்துல திரும்பப் படிச்சேன். அதுக்கப்புறம் நான் எழுதுறதெல்லாம் தீர்மான நோட்டுலதான். "இன்று கூடிய கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது"ன்னு நான் எழுதின மாதிரி இந்த ஊர்ல எவரும் எழுதியிருக்க மாட்டாங்க. ஆனா கவிதை? அது காலேஜ் படிச்சவங்க சமாச்சாரம்னு இருந்தேன்.

போகணும்னு பிடிவாதம் பிடிச்சது எங்க குழுவில இருக்கிற தங்கச்சி ஒருத்தி. "அக்கா, பேங்குக்கு முதல் தடவை போனப்பவும் இப்படித்தான் வாசல்லயே நின்னோம். இப்ப மேனேஜர் அறைக்குள்ள போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரலையா?"ன்னு கேட்டா. அதுக்கு என்னால பதில் சொல்ல முடியலை.

வீட்டுக்காரர், "மழையில அங்க உனக்கு என்ன வேலை"ன்னார். "காது கேக்கிற வேலைதாங்க"ன்னுட்டு, சோத்தை வடிச்சு வச்சுட்டுக் கிளம்பிட்டேன். நாங்க மூணு பேர் போனோம். நல்ல மழை. சம்பா வயல்ல தண்ணி நின்னுச்சு. நாலு கிலோமீட்டர். பாதி தூரம் நடை, பாதி தூரம் தெரிஞ்ச பையனோட டிராக்டர்.

நூலகத்து வாசல்ல செருப்பை விட்டுட்டு, வழக்கம் போலச் சுவரோரமா நின்னோம். நூலகர் சார் வந்து, "ஏம்மா நிக்கிறீங்க, உள்ள வந்து உக்காருங்க"ன்னு ரெண்டாவது வரிசையில மூணு நாற்காலியைக் காட்டினார். சேலையெல்லாம் நனைஞ்சிருக்கு, நாற்காலி ஈரமாயிடும்னு சொன்னேன். "காய்ஞ்சுடும், உக்காருங்க"ன்னார். சகோதரிகளே, அந்த நாற்காலி சாதாரண பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனா எங்கம்மா தன்னோட ஆயுசுல அந்தக் கடைத்தெருவில எந்தக் கட்டடத்துக்குள்ளயும் நாற்காலியில உக்காந்தது கிடையாது. அது எனக்கு அப்ப ஞாபகம் வந்துச்சு.

மொத்தம் இருபது, இருபத்தஞ்சு பேர் இருக்கும். எங்களோட சேத்து ஆறு பொம்பளைங்க. முதல்ல ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தர் மழையைப் பத்திப் படிச்சார், நல்லா இருந்துச்சு. அடுத்து ஒரு தம்பி ஆறு வரி படிச்சான். எல்லாரும் தலையை ஆட்டினாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. படிச்சு முடிச்சதும், "கேள்வி இருந்தா கேக்கலாம்"னு சொன்னாங்க. நான் எழுந்து, "தம்பி, கோவிச்சுக்காதே, எனக்கு ஒண்ணும் விளங்கலை, கொஞ்சம் சொல்லு"ன்னேன். அவனும் சொன்னான். அப்பவும் பாதிதான் புரிஞ்சது. "பாதி புரிஞ்சது தம்பி, மீதியை வீட்டுல போய் யோசிக்கிறேன்"னு சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க, அவனும் சிரிச்சான். பக்கத்துல இருந்தவர் மெதுவா, "எனக்கும் பாதிதாம்மா"ன்னார். அதோட என் பயம் பாதி போயிடுச்சு.

அப்புறம் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பொண்ணு ஒண்ணு வந்தா. அவ படிச்ச கவிதை அவங்க அம்மாவோட குழுப் பாஸ்புக்கைப் பத்தி. எதுகை மோனை எதுவும் இல்லை. ஜூன் மாசம் தவணை இவ்வளவு, அந்த மாசம் அம்மா மத்தியானச் சாப்பாட்டை விட்டா. ஜூலை மாசம் தவணை இவ்வளவு, அந்த மாசம் அம்மா கண்ணாடி மாத்தலை. இப்படியே மாசா மாசம். கடைசியில, கணக்கு நேராயிடுச்சுன்னு பாஸ்புக்குல கையெழுத்து இருக்கு, ஆனா எனக்கு நேராகலைன்னு முடிச்சா.

எங்க மூணு பேராலயும் நிமிர முடியலை. இத்தனை வருஷமா எத்தனை பாஸ்புக்குல நான் அந்தக் கையெழுத்தைப் பாத்திருக்கேன். அதுக்குப் பின்னாடி ஒரு பிள்ளை இப்படி உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கும்னு ஒரு நாளும் நினைச்சதில்லை. கவிதைன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா நமக்குத் தெரிஞ்ச ஒண்ணையே, இத்தனை நாள் பாக்கலையேன்னு திரும்பப் பாக்க வைக்குது. அன்னிக்கு எனக்கு விளங்கினது அதுதான்.

பிறகு அந்த வாத்தியார் ஒரு விஷயம் சொன்னார். சங்க காலத்துல முப்பதுக்கும் மேற்பட்ட பெண் புலவர்கள் இருந்திருக்காங்க. ஔவையார் பேரு மட்டும்தான் நமக்குத் தெரியும். அவங்கள்ல ஒருத்தர் வெண்ணிக்குயத்தியார். குயத்தின்னா மண்பாண்டம் செய்யிற பொம்பளை. வெண்ணிங்கிறது நீடாமங்கலத்துக்குப் பக்கத்துல இருக்கிற நம்ம கோயில்வெண்ணிதான்னு சொல்றாங்க. நாம பஸ்சுல போகும்போது தாண்டிப் போற ஊர்.

அந்த வெண்ணியில கரிகால் சோழன் பெரிய போர்ல ஜெயிச்சான். தோத்துப் போன சேர ராஜா முதுகுல புண் பட்டதுக்கு வெக்கப்பட்டு, சாப்பிடாம வடக்குப் பாத்து உக்காந்து உயிரை விட்டான். ஜெயிச்ச ராஜாவை எல்லாரும் புகழ்ந்தப்போ, இந்தக் குயவர் வீட்டுப் பொம்பளை கரிகாலனைப் பாத்து என்ன பாடியிருக்காங்க தெரியுமா? நீ ஜெயிச்சது சரி, ஆனா மானத்துக்காக உயிரை விட்டானே, அவன் உன்னைவிட நல்லவன் இல்லையான்னு கேக்கிறாங்க. புறநானூறுல அறுபத்தாறாவது பாட்டு. ராஜா முகத்துக்கு நேரா!

வாத்தியார் அதைச் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. ஏன்னா இதே வேலையை எங்கம்மா செஞ்சிருக்காங்க.

சகோதரிகளே, எங்கம்மா நடவுக்குப் பாடுவாங்க, தொட்டிலுக்குப் பாடுவாங்க, எழவுக்கும் பாடுவாங்க. பெரிய தெருவில சாவுன்னா எங்க தெருவுக்கு ஆள் வரும். வாசலுக்கு வெளியில நின்னு மாரடிச்சு ஒப்பாரி வைக்கணும். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ நிலக்காரர் ஒருத்தர் இறந்து போனார். களத்துல கூலி நெல்லு அளக்கும்போது மரக்காலைத் தலைதட்டி அளக்கிறவர். எங்க தெருவுக்கு ஒரு போகத்துக் கூலி பாக்கி வேற. கேக்க யாருக்கும் தைரியம் கிடையாது. எங்கம்மா அன்னிக்கு ஒப்பாரியிலயே கேட்டுட்டாங்க. அவரோட பெருமையெல்லாம் வரிசையாச் சொல்லி அழுதுக்கிட்டே வந்து, நடுவுல,

"நீங்க அளந்த மரக்காலு – ஐயா
தலைதட்டி அளந்தீங்க
எமன் அளக்கும் மரக்காலு – ஐயா
எல்லாருக்கும் ஒண்ணாச்சே"

அப்படின்னு வச்சாங்க. ஒப்பாரியில சொன்னா யாரும் குத்தம் சொல்ல முடியாது. அழுகிறவ வாயை அடைக்கக் கூடாதும்பாங்க. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள், அவரோட மகன் பாக்கி நெல்லை வண்டியில அனுப்பிச்சார். எங்க வீட்டுல அன்னிக்கு நெல்லுச்சோறு.

நூலகத்துல என் பேரை யாரும் எழுதி வைக்கலை. நானாத்தான் கையைத் தூக்கினேன். எழுந்து நின்னதும் முதல்ல அங்க இருந்தவங்க முகத்தை ஒரு சுத்து பாத்தேன். அந்தக் குடும்பத்து ஆளுங்க யாராவது இருக்காங்களான்னு. இந்த வயசுலயும் அந்தப் பயம் போகலை, பாருங்க. ஊர் பேரும் ஆள் பேரும் சொல்லாம, நடந்ததைச் சொல்லி அந்த நாலு வரியைப் பாடினேன்.

பாடி முடிச்சதும் ஒரே அமைதி. அப்போ பின்னாடியிருந்து ஒருத்தர், "விழா நாள் அதுவுமா ஒப்பாரியை இங்க பாடலாமா?"ன்னு கேட்டார். எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு, உக்காந்துட்டேன். வாத்தியார்தான், "ஐயா, இறந்தவங்களை நினைச்சுப் பாடுற கையறுநிலைப் பாட்டு புறநானூறுலயே இருக்கு. அது புத்தகத்துல இருந்தா இலக்கியம், இந்த அம்மா வாயில இருந்தா அபசகுனமா?"ன்னு கேட்டார். கேள்வி கேட்டவர் ஒத்துக்கிட்டாரான்னு எனக்குத் தெரியாது. டீ குடிக்க வெளியில போயிட்டார். எல்லாரும் ஒரே நாள்ல மாறிட மாட்டாங்க.

கூட்டம் முடிஞ்சதும் நூலகர் சார் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு வந்து, "அம்மா, அந்தப் பாட்டு முழுசையும் சொல்லுங்க, எழுதி வைக்கிறேன்"னார். அங்கதான் நான் உடைஞ்சு போயிட்டேன். எங்கம்மா ராத்திரி முழுக்கப் பாடின பாட்டு அது. எனக்குத் தெரிஞ்சது அந்த நாலு வரியும், இன்னும் ஒரு துண்டும்தான். அம்மா இறந்து மூணு வருஷம் ஆகுது. கடைசி ஒரு வருஷம் என் வீட்டுத் திண்ணையிலதான் இருந்தாங்க. தன்பாட்டுக்குப் பாடிக்கிட்டே இருப்பாங்க. என் கையில செல்போன் இருந்துச்சு. ஒரு பட்டனை அமுக்கியிருந்தா போதும். "சும்மா இரும்மா, கணக்குப் பாக்கிறேன்"னு நான் சொல்லியிருக்கேன். கூட்டமைப்புக் கணக்கு ஒரு பைசா பிசகாம எழுதினவ, எங்கம்மா சொத்தை ஒரு வரி எழுதி வைக்கலை.

வாத்தியார் இன்னொண்ணும் சொன்னார். அந்த வெண்ணிக்குயத்தியார் பாட்டு ஓலைச்சுவடியில கிடந்தது. உ.வே.சாமிநாதையர் தேடி எடுத்து 1894-ல் புறநானூறை அச்சுப் போட்டார். அதனாலதான் அது இன்னிக்கு எனக்குக் கிடைச்சது. யாரோ ஒருத்தர் எழுதி வச்சு, யாரோ ஒருத்தர் தேடிக் காப்பாத்தினா, குயவர் வீட்டுப் பொம்பளை சொன்ன சொல்லு ராஜா போன பிறகும் நிக்குது. எழுதாம விட்டா கரையான் கூடத் தேவையில்லை, நம்ம காலத்திலேயே போயிடும்.

இப்ப நூலகம் யாருதுங்கிறதையும் சொல்லிடுறேன். ஊராட்சியில வீட்டு வரி கட்டின ரசீதை எடுத்துப் பாருங்க. நூலக வரின்னு தனியா போட்டிருக்கும். வீட்டு வரியில ரூபாய்க்குப் பத்துப் பைசா. கூரை வீடோ மாடி வீடோ, வரி கட்டுற எல்லாரும் இதையும் சேத்துத்தான் கட்டுறோம். சுதந்திரம் வாங்கின மறு வருஷமே, 1948-ல், சென்னை மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில இப்படி ஒரு சட்டம் முதன்முதலா வந்தது நம்ம மாகாணத்துலதான். அதுக்குப் பாடுபட்டவர் சீர்காழியில பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். புத்தகம் பூட்டி வைக்க இல்லை, பயன்படுத்தத்தான்னு 1931-லயே எழுதினவர்.

அதே 1931-ல நம்ம மன்னார்குடிக்குப் பக்கத்துல மேலவாசல்ல, கனகசபைப் பிள்ளைங்கிற பொறியாளர் மாட்டு வண்டியில புத்தகத்தை அடுக்கி ஊர் ஊரா அனுப்பியிருக்கார். அந்த வண்டியைத் தொடங்கி வச்சதும் ரங்கநாதன்தான். வைக்கோல் ஏத்துற ரோட்டுல புத்தகம் ஏத்தின வண்டி போயிருக்கு! அன்னிக்கு வாசல் தேடி வந்தது. இன்னிக்கு நாம காசு கட்டின இடத்துக்குள்ள போக நாமே கூச்சப்படுறோம்.

கூச்சம் மட்டும் இல்லை. எங்க ஊராட்சியில 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல கட்டின நூலகக் கட்டடம் ஒண்ணு இருக்கு. கதவுல பூட்டு. ஜன்னல் வழியாப் பாத்தா பிளீச்சிங் பவுடர் மூட்டையும் உடைஞ்ச குடமும்தான் தெரியுது. புத்தகம் மூலையில குமிஞ்சு கிடக்கு. பல வருஷமா அந்த வழியாத்தான் ரேஷன் கடைக்குப் போறேன். அது நம்ம காசுன்னு அன்னிக்கு வரைக்கும் எனக்குத் தோணலை.

அதனால இந்தப் பொதுக்குழுவுல மூணு கோரிக்கை வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு குழுவும் நாப்பது பக்க நோட்டு ஒண்ணு தனியா வாங்கணும். தீர்மான நோட்டுல எழுதிடாதீங்க, தணிக்கைக்கு வர்றவங்க என்னைத் திட்டுவாங்க. மாசக் கூட்டத்துல கணக்கு முடிஞ்சதும், வயசான உறுப்பினர் ஒருத்தர் தனக்குத் தெரிஞ்ச தாலாட்டோ நடவுப் பாட்டோ ஒப்பாரியோ விடுகதையோ சொல்லணும். எழுதத் தெரிஞ்ச பொண்ணு எழுதணும். செல்போன்லயும் பதிவு பண்ணணும். பாடினவங்க பேரு, ஊரு, தேதி கட்டாயம் போடணும். நம்ம பாட்டுக்கு இத்தனை நாளா பேரே இல்லை.

ரெண்டாவது, கிளை நூலகத்துல எப்ப வாசிப்புக் கூட்டம் நடந்தாலும் குழுவுக்கு ரெண்டு பேர் போகணும். கவிதை எழுதத் தெரியணும்னு அவசியம் இல்லை. உக்காந்து கேக்கலாம். புரியலைன்னா புரியலைன்னு சொல்லலாம், யாரும் அடிக்க மாட்டாங்க. ஒருத்தி தனியாப் போனாத்தான் கூச்சம். மூணு பேராப் போனா அது போயிடும். வரும்போது இருட்டிடும், அதனால திரும்பி வர்றதுக்கு முன்கூட்டியே பேசி வச்சுக்குங்க. எங்களுக்கு அன்னிக்குக் கடைசி பஸ் போயிடுச்சு. நூலகர் சார் சொல்லி ஆட்டோ வந்தது.

மூணாவது, அடுத்த கிராமசபையில பூட்டிக் கிடக்கிற நூலகத்தைத் திறக்கணும்னு எல்லாக் குழுவும் சேந்து மனு குடுக்கணும். குடியரசு தினம், தொழிலாளர் தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இதோட 2022-லிருந்து உலகத் தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் சேந்து வருஷத்துக்கு ஆறு கிராமசபை. தண்ணிக்கும் ரோட்டுக்கும் தீர்மானம் போட்டு வாங்கியிருக்கோம். அந்தப் பூட்டுக்கும் ஒரு தீர்மானம் போடுவோம். தீர்மானம் எழுதுறதுக்கு நான் இருக்கேன்.

கடைசியா ஒண்ணு. அந்த வாரமே நூலகர் சார் சொன்னபடி, எனக்குத் தெரிஞ்ச துண்டுகளை எழுதிக் குடுத்தேன். மீதிக்கு என்ன செய்யிறதுன்னு தெரியாம, எங்கம்மாவோட சேந்து நடவு நட்ட அத்தை ஒருத்தங்களைத் தேடிப் போனேன். அவங்களுக்கு எண்பது வயசுக்கு மேல. காது சரியாக் கேக்காது. அம்மா பேரைச் சத்தமாச் சொல்லி, "மரக்கால் பாட்டு"ன்னேன். கொஞ்ச நேரம் கூரையைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் மாரில கையை வச்சாங்க. நான் கேட்டே இராத எட்டு வரி வந்துச்சு.

அந்தத் தடவை செல்போன்ல பட்டனை அமுக்கியிருந்தேன்.

உங்க தெருவிலயும் அப்படி ஒரு அத்தை இருப்பாங்க. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் போய்ப் பாருங்க. பாக்கித் தவணையை நான் அடுத்த மாசம் கேட்டுக்கிறேன்.